அட்டை வாங்கப் போனவன் ஓலை வாசிப்பில் எழுந்து நின்ற வரலாறு

தாராவி,
சனிக்கிழமை காலை. வானம் தெளிவு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, மனசு மட்டும் கலங்கல்.

சுனாபட்டி இரண்டாம் மாடியில் கொலுவீற்றிருப்பவரும், என் அக்கா சேசம்மாளைக் கட்டி முப்பத்தொரு வருஷமாகியும் இன்னும் சொந்தப் பல்லோடு சிரிப்பவரும், எங்கள் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்த ஒரே நேரந்தவறாத மனிதருமாகிய மகாகனம் பொருந்திய ஆன்றோ அத்தான் அவர்களின் திருமுன்னிலைக்கு, தோல் பர்ஸ் தைத்துப் பிழைக்கும் ஏழை மைத்துனன் ஞானசீலன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொள்வது. எழுந்து நின்றதால் வந்த வினை என்பதால் விழுந்து கிடந்தபடியே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இங்கே நான், என் வீட்டுக்காரி, பதினொரு மூட்டைப் புத்தகங்கள் யாவரும் சுகம். அங்கே நீங்கள், அக்கா, ரீனா, உங்கள் ரத்தக் கொதிப்பு எல்லாரும் சுகமா? உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதாக அறிந்தேன். திங்கட்கிழமை மட்டும் நாற்பத்தொரு தடவை அழைத்தேன்; நாற்பத்தொரு தடவையும் ஒரு பெண்மணி வந்து மராத்தியில் என்னை மறுதலித்தாள். பேதுருவே மூன்றோடு நிறுத்தினார். ஆகவே காகிதம்.

அத்தான், விஷயம் இதுதான். நாளை ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளை ரீனாவுக்கு மூன்றாம் ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லை என்று ஆனால்தான் அடுத்த சனிக்கிழமை தாலி. நாளைக்குத் தவறினால் அந்தச் சனி போயிற்று, அதற்கடுத்த புதன் சாம்பல் புதன், பிறகு தவக்காலம் முடிகிறவரை கல்யாணம் கிடையாது, அதற்குள் மாப்பிள்ளை ஸ்டெர்லின் கப்பலேறிவிடுவார், ஒன்பது மாதம் கடல். இவ்வளவும் எனக்குத் தெரியும். போன ஞாயிறு இரண்டாம் ஓலையின்போது எழுந்து நின்ற பாவி நான்தான் என்பதும் தெரியும். நாளைக்கு நான் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லியனுப்பியதும் கிடைத்தது. அந்தக் கட்டளையை நீங்கள் ஏன் வாபஸ் வாங்க வேண்டும் என்பதை விளக்கவே இந்தப் பதினாறு பக்கம். தயவுசெய்து உட்கார்ந்து வாசிக்கவும்.

எல்லாம் அட்டையால் வந்தது. பர்ஸ் விறைப்பாக நிற்க உள்ளே கெட்டி அட்டை வைத்துத் தைக்க வேண்டும். பொங்கலுக்கு மறுவாரம் அட்டை தீர்ந்துபோய், நம்ம ஷாகுல் ஹமீதின் பழைய பேப்பர் கோடவுனுக்குப் போனேன். அவன், “வாங்க அண்ணாச்சி, ஒங்களுக்குன்னே வந்து எறங்கிருக்கு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஏதோ பழைய வாசகசாலைய மூடிட்டாங்களாம். ஒரு டெம்போ பொஸ்தகம். எல்லாம் மரப்பலக மாதிரி அட்ட. உரிச்சு எடுத்துக்கிட்டு உள்ளத இங்கன எறிஞ்சிருங்க, அது கூழுக்குப் போவுது” என்றான். நானும் உட்கார்ந்து உரித்தேன். கோழி உரிக்கிறவன் கோழியின் முகத்தைப் பார்ப்பதில்லை, அதுபோல ஐம்பத்தொன்பது புத்தகத்தை உரித்தேன். அறுபதாவதை உரிக்கும்போது அது மடியில் விரிந்து விழுந்தது. கண் தவறி ஒரு வரியின்மேல் போயிற்று. ஆக்டோபஸ் என்கிற கடல் பிராணிக்கு இதயம் மூன்று, ரத்தம் நீலம் என்று போட்டிருந்தது.

அத்தான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நாற்பது வருஷமாக இந்தத் தாராவியில் கதை விட்டுப் பிழைக்கிறவன் நான். சயான் பக்கம் குடையை நீட்டி லோக்கல் ரயிலை நிறுத்தினவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பி, அதைப் பாதிப் பேர் நம்பியும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு பிராணிக்கு இரண்டாவது இதயம் வைக்கக்கூடத் தோன்றவில்லை. எவனோ ஒரு படித்தவன், கொஞ்சமும் கூச்சப்படாமல் மூன்று என்று எழுதி, கீழே சாட்சிக்குப் படமும் போட்டிருக்கிறான். உரித்து எறிந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்றில் வெள்ளி கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம். ஒன்றில் தேனீ ஆடிக் காட்டிப் பூ இருக்கும் திசையைச் சொல்கிறது. ஒன்றில் பூமியில் மரம் முளைப்பதற்கு முன்பே கடலில் சுறா இருந்தது. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி துடைப்பது எப்படி, மாங்கொட்டையில் ஒட்டுக்கட்டுவது எப்படி, பாலத்துக்குக் கால் நடுவது எப்படி, கணக்கன் எப்படித் திருடுவான், ராஜாக்கள் எங்கே கழிவறை போனார்கள், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்ய, கப்பல்காரன் முடிச்சு எத்தனை வகை! நாவல் ஒன்றுகூட இல்லை அத்தான். ஒரு ராஜகுமாரி கிடையாது, ஒரு கொலைகாரன் கிடையாது. அத்தனையும் நிஜம். ஷாகுல் ஹமீது சாப்பாட்டுக்குக் கதவடைக்க வந்து மூன்று தடவை கூப்பிட்டானாம், எனக்குக் கேட்கவில்லை. நாலாவது தடவை ஷட்டரை இறக்கிவிட்டே போய்விட்டான். உள்ளே ஒரு மணி நேரம் செல்போன் வெளிச்சத்தில் ஒட்டகத்தைப் பற்றிப் படித்தேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு நிமிஷம்.

பதினொரு மூட்டை வீட்டுக்கு வந்தது. நம் வீடு எவ்வளவு விஸ்தாரம் என்பது உங்களுக்குத் தெரியும், பூனை வாலைச் சுருட்டிக்கொண்டுதான் நுழையும். இப்போது நான் தலையை மாட்டு வைத்தியத்திலும் காலை விண்வெளியிலும் வைத்துப் படுக்கிறேன். என் வீட்டுக்காரி எரிமலைகளின் மேல் ஏறி நின்று மசாலா டப்பா எடுக்கிறாள். கப்பல்காரன் முடிச்சு ஒன்றைப் பழகிப் பட்டறைக் கதவில் போட்டேன், அதை அவிழ்க்கும் பாடம் அடுத்த புத்தகத்தில் இருந்தது, அந்தப் புத்தகம் கதவுக்கு உள்ளே இருந்தது. டீக்கடை மாரிக்கண்ணனிடம் மூன்று இதயக் கதையைச் சொன்னேன். அவன் கிளாஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, “அண்ணாச்சி, ரயில நிறுத்துனது வரைக்கும் நம்புனோம். இப்ப ரொம்ப ஓவராப் போறீரு” என்றான். பாருங்கள், வாழ்நாளில் முதல் தடவையாக நிஜம் பேசுகிறேன், ஒரு பயல் நம்பவில்லை.

இதில் ஒரு சிக்கலைக் கவனித்திருப்பீர்கள். பர்ஸுக்காக அட்டைகள் அத்தனையையும் நானே உரித்துவிட்டதால் எந்தப் புத்தகத்துக்கும் பெயர் இல்லை. முன்பக்கங்களும் பின்பக்கங்களும் அட்டையோடு போய்விட்டன. நடுவிலிருந்து நுழைந்து, இது எதைப் பற்றியது என்று நானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி நுழைந்த ஒன்றில்தான், பக்கத்தின் உச்சியிலேயே, கனத்த உடம்புள்ளவை வெகுநேரம் காலை மடக்கி இருந்தால் ரத்தம் ஓடாமல் தேங்கி உயிருக்கே ஆபத்து, அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி நிற்க வைக்கவேண்டும் என்று இருந்தது. என் தொப்பையைக் குனிந்து பார்த்தேன். உடனே செல்போனில் அரை மணிக்கு ஒருமுறை அதிரும்படி ஏற்பாடு செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பட்டறையில் எழுந்தேன், சாப்பாட்டில் எழுந்தேன், முடிவெட்டுகிற கடையில் கத்தி காதோரம் இருக்கும்போது எழுந்தேன். அத்தனை இடத்திலும் கர்த்தர் காத்தார்.

போன ஞாயிறு மட்டும் கைவிட்டார். பூசை முடிந்து அறிக்கை வாசிக்கிற நேரம், ஜனம் அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது. பங்குச்சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, செம்பூர் சூசைமிக்கேல் மகன் ஸ்டெர்லினுக்கும் சுனாபட்டி ஆன்றோ மகள் ரீனாவுக்கும் இரண்டாம் ஓலை, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சொல்லி, மூச்சு வாங்கினார். சட்டைப்பை கிர்ர் என்றது. எழுந்துவிட்டேன்.

முந்நூறு தலை திரும்பிற்று. மின்விசிறிகள் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. அக்காவின் ஜெபமாலை கீழே விழுந்த சத்தம் தாதர் ஸ்டேஷனில் கேட்டிருக்கும்.

“என்ன ஞானசீலன்?” என்றார் சாமியார்.

“ஒண்ணுமில்ல சாமி. சும்மாதான் எந்திரிச்சேன்.”

“ஓலை வாசிக்கையில சும்மா எந்திரிப்பாங்களா?”

“ரத்தம் ஓடணும்லா சாமி. அர மணிக்கு ஒருக்க நிப்பேன்.”

சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சூசைமிக்கேல், உங்களுக்கே தெரியும், முப்பது வருஷம் தொழிற்சாலை வாசலில் நின்று போகிற வருகிறவன் பையைச் சோதித்த மனிதர். எவன் வெறுங்கையோடு வந்தாலும் எங்கேயோ எதையோ ஒளித்திருக்கிறான் என்பது அவருடைய வேதம். அவர் எழுந்து, “சாமி, இந்த ஆள எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். இவ்வளவு சப்பையா ஒரு காரணம் சொல்லுத ஆளே கெடையாது. சின்னதச் சொல்லிப் பெருச மறைக்காரு. என்னன்னு விசாரிச்சிட்டு மூணாம் ஓலைய வாசிங்க” என்றார். நான் மட்டும் வழக்கம்போல, கனவில் சம்மனசு சிறகை விரித்து வந்து தோளைத் தொட்டு எழுப்பிற்று என்று விட்டிருந்தால், சிரித்துவிட்டு எல்லாரும் கஞ்சி குடிக்கப் போயிருப்பார்கள். உண்மை பேசி மாட்டிக்கொண்டேன் அத்தான்.

திங்கட்கிழமை சாமியாரைப் போய்ப் பார்த்தேன். “நீ வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, எழுதிக் குடு” என்றார். நாலு பக்கம் எழுதினேன், ரத்த ஓட்டத்தின் சரித்திரத்திலிருந்து தொடங்கி. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றேமுக்கால் பக்கத்தை அடித்துவிட்டு, எனக்குத் தடை இல்லை என்கிற ஒரே வரியை மிச்சம் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இலக்கியம் இப்படித்தான் அழிகிறது.

செவ்வாய்க்கிழமை இன்னொரு இடி. அந்த ரத்தப் புத்தகத்திலிருந்து கழன்றுபோயிருந்த அடுத்த பக்கம் மூட்டையின் அடியில் அகப்பட்டது. அதில், அப்படி எழுப்பும்போது தும்பிக்கையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது சீக்கு வந்து படுத்த யானையைப் பராமரிக்கும் புத்தகம். இதை அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்சமும் தயங்காமல், “ஒன் வயித்தப் பாத்தா அது ஒனக்குன்னே எழுதுன மாதிரிதாம்ல இருக்கு” என்றாள். கூடப்பிறந்தவள், சொல்லலாம்.

புதன்கிழமை பட்டறைக்கு ரீனா வந்தாள். திட்டப் போகிறாள் என்று குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெட்டுத்தோலைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்துவிட்டு, “மாமா, சச் போல்னா, நெஜத்தச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஸ்டெர்லின நெஜமாவே பிடிக்கலயா? அதுனாலதான் எந்திரிச்சீங்களா?” என்று கேட்டாள். அத்தான், நீங்கள் என்னைத் திட்டினதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன் நான். இது உள்ளே போய்விட்டது. அந்தப் பிள்ளை மூன்று ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. “பிடிச்சிருக்கும்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “இவ்வளவு சின்னதாச் சொன்னா எப்டி மாமா நம்புறது? நீங்க இப்டிப் பேசுனதே இல்ல.”

“வேற எப்டிச் சொல்லணும்?”

“ஒங்க மாதிரி சொல்லுங்க.”

சொன்னேன். ஸ்டெர்லின் கப்பலில் கால் வைத்தால் அரபிக் கடலே எழுந்து வணக்கம் சொல்லும், அவன் என்ஜினைத் தட்டிக் கொடுத்தால் அது டீசல் இல்லாமலே சிங்கப்பூர் போகும், அவன் உன்னைப் பார்க்கிற பார்வையில் மான்குர்த் குப்பைமேட்டில் மல்லிகை பூக்கும், ஆக்டோபஸுக்கே மூன்று இதயம் என்றால் அவனுக்கு ஏழு, அதில் ஆறரை உன்னுடையது, அரைதான் அவன் அம்மாவுக்கு என்றேன். ரீனா சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “இப்ப நம்புறேன் மாமா. சண்டே மட்டும் ப்ளீஸ் பைட்கே ரஹ்னா” என்றாள். உட்கார்ந்தே இருப்பேன் என்று பைபிளின் மேல் கை வைத்தேன். பிறகு பார்த்தால் அது பைபிள் இல்லை, தேனீ வளர்ப்பு. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

வியாழக்கிழமை செம்பூருக்குப் போய்ச் சூசைமிக்கேல் வீட்டுக் கதவைத் தட்டினேன். வாரும் என்பதற்கு முன்னால் “பையத் தொறயும்” என்றார். உள்ளே அட்டையில்லாத புத்தகம் இரண்டு, அவருக்கென்று தைத்த பர்ஸ் ஒன்று. முதல் புத்தகத்தைக் கண்டபடி விரித்தார். என் கெட்ட நேரம், சில வகைச் சிலந்தியில் பெண் சிலந்தி கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையைத் தின்றுவிடும் என்கிற பக்கம். அதை இரண்டு தடவை வாசித்தார். “ஓகோ, இதத்தான் சொல்ல எந்திரிச்சீரோ?” என்றார். நான் பதறிப்போய் யானைப் புத்தகத்தைக் கையில் திணித்தேன். அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

“இது ஆனைக்குல்லா வே எழுதியிருக்கு.”

“ஆமா அண்ணாச்சி. அது எனக்கே செவ்வாக்கெழமதான் தெரியும்.”

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “சாமிக்கு எழுதிக் குடுத்தது சாமிக்குச் சரி. எனக்கு என் கண்ணாலயே பாக்கணும். ஞாயித்துக்கெழம நீரு கோயிலுக்கு வரணும். வராம இருந்தீர்னா அதுலயும் ஏதோ இருக்குன்னுதான் அர்த்தம். வந்து, மூணாம் ஓல வாசிச்சு முடியந்தட்டியும் அசையாம உக்காந்திருக்கணும். உக்காந்தீர்னா சனிக்கெழம கல்யாணம்.” பர்ஸை மட்டும் திருப்பித் தரவில்லை. புத்தகங்களையும் தரவில்லை என்பதைக் கிளம்பிப் பாதி வழி வந்தபிறகுதான் கவனித்தேன்.

ஆகவே அத்தான், நான் வந்தால் கல்யாணம் நிற்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், நான் வராவிட்டால்தான் நிற்கும் என்று சம்பந்தி சொல்கிறார். என் நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? எந்த நிபந்தனைக்கும் தயார். போனை ரீனாவிடம் ஒப்படைக்கிறேன். இப்போதிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து காவல் காக்கலாம். மூட்டைகள் அத்தனையும் வருகிற வாரம் ஷாகுல் ஹமீதிடம் திரும்பப் போகும். இனி என் வாசிப்பு காலண்டர் தாளோடு சரி. நடந்தது எல்லாவற்றுக்கும் முழங்காலில் நின்று (முழங்காலில் மட்டும்) மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு தடவை அல்ல, ஆக்டோபஸின் மூன்று இதயத்தாலும் மூன்று தடவை.

உங்கள் கொதிப்பு இறங்கவும், பல் உதிராதிருக்கவும், ரீனாவும் ஸ்டெர்லினும் பதினாறு பிள்ளை பெற்று அதில் ஒன்றுகூட என்னைப்போல் இல்லாதிருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன். அக்காவுக்கு அன்பு. என் வீட்டுக்காரியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், எரிமலைமேல் நின்றபடி.

இப்படிக்கு,
தங்கள் பாதத்தூசியின் தூசி,
ஞானசீலன்

பி.கு.: ஞாயிறு மதியம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அக்கா நேற்றே பிரித்துப் படித்துவிட்டு, “ஏங்க, அவன் வரட்டும், நீங்க பின்னால உக்காந்துக்கிடுங்க” என்று உங்களிடம் பதினாறு பக்கத்தையும் ஒரு வரியில் முடித்திருக்கிறாள். சாமியாருக்குச் சொந்தக்காரியாக இருப்பாள். இன்று கோயிலில் வைத்து அப்படியே திருப்பித் தந்தாள். நடந்தது உங்களுக்குத் தெரியும் என்றாலும், சரித்திரத்துக்காகப் பதிகிறேன். சாமியார் தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சொல்லி மூச்சு வாங்கினார். நான் கல்லில் அடித்த சிலை. ஒரு கொசு என் காதில் உட்கார்ந்தது. அதை விரட்டத் தோளைக் கொஞ்சம், ஒரு நூல் அளவு, அசைத்தேன். உடனே பின்னாலிருந்து நீங்கள் பாய்ந்து எழுந்து, என் இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்து, “உக்காருல!” என்று கோயில் அதிரக் கத்தினீர்கள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். முந்நூறு பேர் சாட்சி. அத்தனை பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது பெண்ணின் தகப்பனார் ஒருவர்தான். சாமியார் கண்ணாடியைக் கழற்றி, “ஆன்றோ, ஒங்களுக்குமா?” என்று கேட்டதும், சம்பந்தி சூசைமிக்கேல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பாடகர் குழுப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். “வாசிச்சு முடிங்க சாமி. மாப்பிள வீட்டுல ஒரு தடையும் கெடையாது. பொண்ணு வீட்டுக்காரங்கதான் மாத்தி மாத்தி எந்திரிக்காங்க” என்று அவர் சொன்னதை நீங்கள் அந்த நிலையில் கேட்டிருக்க மாட்டீர்கள். வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்து, சிலந்தி முடிந்துவிட்டது, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். பாலம் கட்டுவதும் கழிவறைச் சரித்திரமும் நாளை காலை செம்பூருக்குப் போகின்றன. மூட்டைகள் ஆகவே எங்கேயும் போகவில்லை.

சனிக்கிழமை கல்யாணம் உறுதி. மேலே பதினாறு பக்கத்தில் நான் கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் இதனால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஓலை வாசிப்பில் எழுந்து நின்றதற்கு உங்களிடமிருந்து ஒரு மன்னிப்புக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன் வந்தால் போதும். எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன், கீழே கையெழுத்து மட்டும் போட்டால் சரி. உட்கார்ந்து போடவும்.